குளத்தை மேலே ஒப்படைத்துவிட்டால் ஊருக்கு நிம்மதியா?

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஊராட்சி வார்டு உறுப்பினரான சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும், ஆளை அடையாளம் காட்டும் விவரங்களையும் விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவர் ஊர்க் குளத்தின் ஆயக்கட்டு, அதாவது அதனால் பாசனம் பெறும் நிலம், எழுபது ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதல். இரண்டு மடை, உபரி நீர் வெளியேற ஒரு மறுகால். பராமரிப்பு ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் கூழைக்கடாவும் அரிவாள் மூக்கனும் வந்து இறங்கும். குளத்து உள்வாயின் மேற்கு ஓரத்தில் ஒருவர் பல வருடங்களுக்கு முன் வைத்த நாலைந்து தென்னை இன்று தோப்பாகிவிட்டது. தோப்பைச் சுற்றிக் கம்பி வேலி, வேலிக்குள் ஆழ்துளைக் கிணறு. இப்போது தோப்பை ஒட்டி, பொழுது சாய்ந்த பிறகு டிராக்டர் டிராக்டராகச் செம்மண் கொட்டி மேடாக்குகிறார்கள். கல்லும் ஊன்றியாயிற்று. மனை போடப் போவதாகப் பேச்சு. தோப்புக்காரர் ஊராட்சித் தலைவருக்கு நெருங்கிய சொந்தம். கேட்டால், "வருஷா வருஷம் பி மெமோ கட்டி ரசீது வெச்சிருக்கேன்" என்கிறாராம். கிராம சபையில் சகோதரி பேசிய பேச்சு தீர்மானப் புத்தகத்தில் ஏறவே இல்லை.

இந்த நிலையில் சுற்றுச்சூழல் ஆர்வலர் ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார்: "ஊராட்சியை நம்பிப் பயனில்லை. குளத்தின் முழுப் பொறுப்பையும் மாநில ஈரநில ஆணையத்திடம் ஒப்படைக்கிறோம் என்று தீர்மானம் போடுங்கள். அப்புறம் எல்லாவற்றையும் சென்னையில் பார்த்துக்கொள்வார்கள்." சகோதரி அதன்படி தீர்மான வரைவும் எழுதி வைத்திருக்கிறார். ஆயக்கட்டுதாரர்கள் இதைக் கேட்டுப் பதறுகிறார்கள். குளம் வனத்துறைக்குப் போய்விடும், மீன்பாசி குத்தகை போய்விடும், கரம்பை என்னும் வண்டல் மண் அள்ள முடியாது, ஆடு மேய்க்க முடியாது என்று பயம். கரைக்கு அருகே வீடு கட்டியிருக்கும் இவருடைய கொழுந்தனாருக்கு இன்னொரு பயம்: ஐம்பது மீட்டருக்குள் இருக்கும் வீட்டையெல்லாம் இடிப்பார்களாமே?

மேலே ஒப்படைப்பது சரியா, ஒப்படைத்தால் ஊராட்சியின் கடமை தீர்ந்துவிடுமா, ஊர் உரிமை என்னவாகும் என்று மூன்றையும் சேர்த்துக் கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

நடவடிக்கை எடுக்க வேண்டியவரே ஆக்கிரமித்தவருக்குச் சொந்தமாக இருக்கும்போது, உறவுமுறை தொடாத இடத்தில் உள்ள ஒருவர் வந்து பார்க்கட்டும் என்று நினைப்பது நியாயம். அந்த நினைப்பில் எனக்குக் குறை தெரியவில்லை. உங்கள் தீர்மான வரைவில் இருக்கும் "முழுப் பொறுப்பையும்" என்ற சொல்தான் என்னை நிறுத்தியது. சட்டப்படி அப்படி ஒப்படைக்க முடியாது. ஒப்படைக்க வேண்டிய தேவையும் இல்லை. ஒருவேளை அப்படி நடந்தேவிட்டால் அதிகம் இழப்பது உங்கள் ஊர்தான்.

குளத்தின் எல்லையை அளந்து காட்டுவதையும் ஆக்கிரமிப்பை அகற்றுவதையும் மேலே கேளுங்கள், விடாமல் கேளுங்கள். தண்ணீர், மீன், மண் ஆகியவற்றின் மீதுள்ள உரிமையையும், குளத்தைத் தினமும் கவனிக்கிற வேலையையும் ஊரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் உங்கள் கிராம சபை இரண்டு கட்சியாக நிற்கிறது என்பது என் எண்ணம்.

குளம் இப்போது யார் கையில் இருக்கிறது?

"ஊராட்சியின் குளம்" என்று கடிதம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள். அனுபவத்தில் அது சரி, ஆவணத்தில் சரியில்லை. குளம் கிடக்கும் நிலம் அரசுப் புறம்போக்கு, வருவாய்த் துறையின் பதிவேட்டில் இருப்பது. நாற்பது ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ நூறு ஏக்கர், அதற்கு மேல் ஆயக்கட்டு உள்ள குளங்களை முன்பு பொதுப்பணித் துறை பார்த்தது, இப்போது நீர்வளத் துறை பார்க்கிறது. அதற்குக் கீழே உள்ளவை ஊராட்சி ஒன்றியத்தின் பராமரிப்பில் வரும். கரை உயர்த்துவது, மடையைப் பழுது பார்ப்பது எல்லாம் ஒன்றியம். ஆக்கிரமிப்பை அகற்றும் அதிகாரமோ 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி வட்டாட்சியரிடம் இருக்கிறது.

ஆகவே ஊராட்சியிடமிருந்து எடுத்து மேலே தர நினைக்கிறீர்களே, அந்த அதிகாரம் நெடுங்காலமாக மேலேதான், தாலுகா அலுவலகத்தில், இருக்கிறது. அரசியலமைப்பின் பதினோராம் அட்டவணையில் சிறுபாசனமும் நீர் மேலாண்மையும் ஊராட்சிகளுக்குத் தரத்தக்க பொருள்களாக எழுதப்பட்டிருப்பது உண்மை. ஆனால் எதை, எவ்வளவு தருவது என்பதை மாநிலச் சட்டம்தான் முடிவு செய்யும். உங்கள் தலைவர் கண்டுகொள்ளாமல் இருப்பது வருத்தத்துக்குரியது. அதற்காக வட்டாட்சியரின் கை கட்டிக் கிடக்க வேண்டியதில்லை. தலைவரின் ஒப்புதலோ தீர்மானமோ இல்லாமலே, நீங்கள் தனி ஆளாகக் கொடுக்கும் மனுவின் மேல் அவர் நடவடிக்கை எடுக்கலாம்.

அடுத்தது பி மெமோ. இதைப் பற்றி ஊருக்கு நன்றாக விளக்குங்கள், ஏனென்றால் உங்கள் தோப்புக்காரரின் தைரியமே அந்த ரசீதுக் கட்டில்தான் இருக்கிறது. பி மெமோ என்பது, இன்னார் அரசு நிலத்தை அனுமதியில்லாமல் அனுபவிக்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதி, அதற்குத் தீர்வையும் தண்டமும் விதிக்கும் ஆவணம். அந்த ரசீதை இருபது வருடம் சேர்த்து வைத்திருந்தால், இருபது வருடம் ஆக்கிரமித்ததாக அவரே ஒப்புக்கொண்டதாகத்தான் ஆகும். தென்னைக்கு 2சி பட்டா இருக்கிறது என்று நாளை ஒரு காகிதத்தைக் காட்டினாலும் கலங்க வேண்டாம். அது மரத்தின் பலனை அனுபவிக்கத் தரும் அனுமதி, மண்ணைத் தராது.

இன்னொரு திருத்தம். 2007-ஆம் ஆண்டின் குளங்கள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டத்தின் கீழ் மனு போடச் சொல்லி யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சட்டம் பொதுப்பணித் துறையின் கட்டுப்பாட்டில் இருந்த குளங்களுக்கானது. உங்கள் குளம் அதில் வராது. அதைக் குறிப்பிட்டு மனு போட்டால் "எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று ஒரு வரிப் பதில் வந்து, ஆறு மாதம் வீணாகும். உங்கள் மனுவில் இருக்க வேண்டியது 1905 சட்டத்தின் 6, 7 ஆகிய பிரிவுகள்: ஏழின் கீழ் முன்னறிவிப்பு, ஆறின் கீழ் வெளியேற்றம்.

மாநில ஈரநில ஆணையம் என்ன செய்யும், என்ன செய்யாது

ஈரநிலங்களுக்கென நம் நாட்டில் முதலில் வந்த விதிகள் 2010-இல் வந்தவை. அப்போது ஒழுங்குமுறை அதிகாரம் டெல்லியில் ஒரு மத்திய ஆணையத்திடம் இருந்தது. அதற்குப் பதிலாக 2017 செப்டம்பரில் வந்த புதிய விதிகள் அந்த ஆணையத்தை எடுத்துவிட்டு, அதிகாரத்தை மாநில ஆணையங்களுக்குக் கொடுத்தன. டெல்லியில் இதை அதிகாரப் பரவலாக்கம் என்றார்கள். ஆனால் பரவல் தலைநகரங்களோடு நின்றுபோனது. மாநில ஆணையத்தின் தலைவர் சுற்றுச்சூழல் துறை அமைச்சர். துறைச் செயலாளர்களும், ஈரநிலச் சூழலியல், நீரியல், மீன்வளம் போன்ற துறைகளின் வல்லுநர்களும் உறுப்பினர்கள். ஊராட்சிக்கு என்று அதில் ஒரு நாற்காலி ஒதுக்கப்படவில்லை. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. மறுகாலில் எந்த மாதம் தண்ணீர் விழும் என்று தெரிந்த ஒருவரும் அந்த மேசையில் இல்லை.

அதைவிட உங்களுக்கு முக்கியமானது விதியின் எல்லை. 2017 விதிகள் தாமாகவே எல்லா நீர்நிலைக்கும் பொருந்துவதில்லை. ராம்சர் என்ற சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள ராம்சர் தலங்களுக்கும், அரசு தனியாக அறிவிக்கை செய்த ஈரநிலங்களுக்கும் மட்டுமே பொருந்தும். ஈரநிலம் எது என்று சொல்லும் இடத்தில் ஆற்றுப் படுகை, நெல் வயல், குடிநீருக்காக மனிதர் கட்டிய நீர்நிலை, பாசனத்துக்காகவே கட்டப்பட்ட அமைப்பு ஆகியவற்றை விதியே விலக்கிவிடுகிறது. தமிழ்நாட்டின் ஏறத்தாழ நாற்பதாயிரம் ஏரி, குளம், கண்மாய்களில் பெரும்பாலானவை பாசனத்துக்காக வெட்டப்பட்டவை என்பதை நினைத்தால், இந்த ஒரு வரி எவ்வளவு பெரிய ஓட்டை என்பது விளங்கும். "ஈரநிலம் என்று எழுதிக் கொடுத்தால் போதும்" என்று அந்த ஆர்வலர் சொன்னது நல்ல மனதோடு சொன்னது. ஆனால் அவ்வளவு எளிதில்லை.

அதற்காகக் கதவு அடைத்துவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு தேசிய ஈரநில வரைபடத் தொகுப்பு ஒன்று தயாரிக்கப்பட்டிருக்கிறது. அதில் 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்டவையாகப் பட்டியலிடப்பட்ட 2,01,503 ஈரநிலங்களுக்கு, அறிவிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும், 2010 விதிகளின் நான்காம் விதியிலுள்ள கோட்பாடுகளின்படி பாதுகாப்பு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017 பிப்ரவரியில் உத்தரவிட்டது. புதிய தொகுப்பில் எண்ணிக்கை 2,31,195 ஆனது. அவற்றை நேரில் சரிபார்த்து எல்லை குறிக்கும் வேலையை முடிக்கும்படி 2024 டிசம்பரில் மாநிலங்களுக்கு மறுபடியும் உத்தரவு வந்தது. உங்கள் குளத்தின் நீர்ப்பரப்பு 2.25 ஹெக்டேரைத் தாண்டும் என்றே நினைக்கிறேன். அந்தத் தொகுப்பில் அது இருக்கிறதா, நேரில் சரிபார்த்தார்களா, எல்லை குறித்தார்களா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். "இருக்கிறது, ஆனால் எல்லை குறிக்கவில்லை" என்று பதில் வந்தால், அந்த ஒரு காகிதத்தை வைத்தே நீதிமன்றத்தில் பேச முடியும். பாசனக் குளம் என்று எதிர்த் தரப்பு மறுக்கும். வாதம் இருக்கத்தான் செய்யும்.

பாசனக் குளமாக இருந்தும் பாதுகாப்புப் பெற்றவை இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். வேடந்தாங்கல், கரிக்கிலி, கூந்தன்குளம், திருப்பூர் நஞ்சராயன் குளம் எல்லாம் அப்படித்தான். ஆனால் அவை பறவைகள் சரணாலயமாக வனவுயிர்ச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்டு, ராம்சர் பட்டியலிலும் ஏறியவை. அந்த வழி வனத்துறையின் வழி. உங்கள் ஆயக்கட்டுதாரர்களின் பயம் அந்த வழியைப் பற்றியது என்றால் அது வெறும் பயமில்லை, கட்டுப்பாடுகள் வரும். கூந்தன்குளத்தில் ஊர் மக்களே வீட்டுக் கொல்லை மரங்களில் கூடு கட்டும் பறவைகளைக் காத்து வந்தார்கள், சட்டம் பிறகு வந்து சேர்ந்துகொண்டது. ஊரே மனம் ஒப்பிய இடத்தில்தான் அந்த வழி நிலைக்கும். உங்கள் ஊர் இப்போது அந்த மனநிலையில் இல்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. சரணாலயக் கோரிக்கையை இப்போதைக்குத் தொடாதீர்கள்.

கேரளத்தில் நடந்ததைப் பாருங்கள்

ஊரிலிருந்து அதிகாரத்தை மேலே மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கேரளம் 2008-இல் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. ஒவ்வொரு ஊராட்சியிலும் உள்ளூர்க் கண்காணிப்புக் குழு. தலைவர் ஊராட்சித் தலைவர், அழைப்பாளர் வேளாண்மை அலுவலர், கூடவே கிராம அலுவலரும் விவசாயிகளின் பிரதிநிதிகளும். எந்த நிலம் வயல், எது ஈரநிலம் என்று தரவு வங்கி தயாரித்ததும் இந்தக் குழுதான். குறைகள் இருந்தன. உறவு, கட்சி, தயவு என்று நீங்கள் உங்கள் ஊரில் பார்ப்பதெல்லாம் அங்கேயும் இருந்தது.

2018-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். தரவு வங்கியில் இல்லாத நிலத்தைக் கட்டணம் கட்டி மாற்றிக்கொள்ள அனுமதி தரும் அதிகாரம் வருவாய்க் கோட்டாட்சியரிடம் போனது. பிறகு என்ன ஆயிற்று? கோட்டாட்சியர் அலுவலகங்களில் விண்ணப்பங்கள் மலைபோல் குவிந்தன. சமாளிக்க முடியாமல், துணை ஆட்சியர்களுக்கும் அந்த அதிகாரத்தைப் பகிர்ந்தளிக்க 2023-இல் மறுபடி ஒரு திருத்த மசோதாவை நிறைவேற்ற வேண்டியிருந்தது. இத்தனைக்குப் பிறகும், ஒரு நிலத்தைத் தரவு வங்கியிலிருந்து நீக்க வேண்டுமா என்று முடிவெடுக்கும்போது கோட்டாட்சியர் கையில் எடுப்பது உள்ளூர் வேளாண்மை அலுவலரின் அறிக்கையைத்தான். கையெழுத்துப் போடும் இடம் மேலே போனது. நேரில் போய்ப் பார்க்க வேண்டிய ஆள் கீழேயேதான் இருக்கிறார். ஊரில் கேள்வி கேட்க ஒரு குழு இருந்த இடத்தில், அந்தக் குழுவுக்கு முன்பிருந்த எடை இல்லை.

நம் மாநிலத்திலும் ஒன்றைக் கவனியுங்கள். 2023-இல் நிறைவேறிய சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம், நூறு ஹெக்டேருக்குக் குறையாத பெரிய திட்டங்களின் பரப்புக்குள் ஓடையோ குளமோ இருந்தால் அதைப் பற்றிய முடிவை மாநில அரசின் கையில் கொடுக்கிறது. வல்லுநர் குழு பரிசீலிக்கும் என்கிறார்கள். அதற்கும் உங்கள் தோப்புக்கும் நேரடித் தொடர்பில்லை. மேலே போனால் பாதுகாப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். ஊரில் சொந்தக்காரரின் ஆசை குறுக்கே நிற்கும் என்றால், மேலே பெருந்திட்டங்களின் தேவை குறுக்கே நிற்கும்.

மறுபக்கமும் இருக்கிறது. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டபோது கிராம சபைகள் ஒன்றன்பின் ஒன்றாக எதிர்த்துத் தீர்மானம் போட்டன. மக்கள் போராட்டமும் சேர்ந்து, 2025 ஜனவரியில் மத்திய அரசே ஏலத்தை ரத்து செய்தது. டெல்லி வரை எட்டிய அந்தக் குரலுக்கு அடித்தளம் கிராம சபைத் தீர்மானப் புத்தகம். அந்தப் புத்தகத்தைத்தான் "எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்று எழுதி மூடப் பார்க்கிறீர்கள்.

என்ன செய்யலாம்

முதல் வேலை ஆவணம். கிராம நிலங்களின் விவரம் உள்ள 'அ' பதிவேட்டின் நகலும் புல வரைபட நகலும் வாங்குங்கள். குளத்தின் சர்வே எண்ணுக்கு எதிரே வகைப்பாடு என்ன எழுதியிருக்கிறது, பரப்பு எவ்வளவு என்று பாருங்கள். தோப்பும் மண் கொட்டிய இடமும் குளத்துப் புறம்போக்குக்குள்தான் வருகின்றனவா, பக்கத்துப் பட்டா நிலத்திலா என்பது அளந்தால்தான் தெரியும். இது தெரியாமல் யார் பெயரையும் மனுவில் எழுதிவிடாதீர்கள். மண் கொட்டுவதைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். ஆனால் இருட்டிய பிறகு தனியாகப் போய் டிராக்டரை மறிக்க வேண்டாம். கடிதத்தில் ஒருமுறை அப்படிச் செய்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். இனி வேண்டாம் அம்மா, உங்கள் உயிர் முக்கியம்.

அடுத்து மனு. வட்டாட்சியருக்கு எழுதுங்கள், நகலைக் கோட்டாட்சியருக்கும் ஆட்சியருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கேட்க வேண்டியவை இரண்டே: சர்வேயரை வைத்துக் குளத்தை அளந்து எல்லைக்கல் நட வேண்டும், புறம்போக்கில் இருப்பவருக்கு ஏழாம் பிரிவு நோட்டீஸ் தர வேண்டும். ஆயக்கட்டுதாரர்களில் பத்துப் பேராவது கூடக் கையெழுத்துப் போட்டால் உங்கள் மேல் விழும் கோபம் பரவலாகும். மனைப் பேச்சு உண்மை என்றால், சர்வே எண்ணைக் குறிப்பிட்டு சார்பதிவாளருக்கும் நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் ஆட்சேபக் கடிதம் தாருங்கள். நாலு பேர் மனை வாங்கி வீடு கட்டிவிட்டால், அப்புறம் நீங்கள் எதிர்கொள்வது தோப்புக்காரரை அல்ல, ஏமாந்த நாலு ஏழைக் குடும்பங்களை. அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

மனுவுக்கு அசைவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு. நீர்நிலை ஆக்கிரமிப்பில் சட்டம் உங்கள் பக்கம் நன்றாகவே இருக்கிறது. கிராமத்துக் குளத்தை ஆக்கிரமித்தவர்களுக்கு அதை முறைப்படுத்தித் தரக்கூடாது என்று 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, எல்லா மாநிலங்களும் பொது நிலத்தை மீட்கத் திட்டம் வகுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. பசுமைத் தீர்ப்பாயத்துக்கும் போகலாம், ஆனால் அங்கே கால வரம்பு கடுமை. பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம், தக்க காரணம் காட்டினால் மேலும் அறுபது நாள். இழந்த சூழலை மீட்டுத் தரக் கோரும் மனுவுக்கு மட்டும் ஐந்தாண்டு. மண் கொட்ட ஆரம்பித்த மாதத்தை நீங்கள் சரியாகக் குறிப்பிடவில்லை. அதை முதலில் உறுதி செய்யுங்கள். வக்கீல் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும்.

கிராம சபைத் தீர்மானத்தை மாற்றி எழுதுங்கள். என் யோசனை இப்படி: "எங்கள் ஊர்க் குளத்தை அளந்து எல்லை குறிக்குமாறு வருவாய்த் துறையைக் கேட்டுக்கொள்கிறோம். தேசிய ஈரநிலத் தொகுப்பில் குளத்தின் நிலையைத் தெரிவிக்குமாறும், தகுதி இருப்பின் பாதுகாப்பு நடவடிக்கையை ஊர் மக்களைக் கலந்து எடுக்குமாறும் மாநில ஈரநில ஆணையத்தைக் கேட்டுக்கொள்கிறோம். பாசனம், மீன்பாசி, வண்டல், மேய்ச்சல் ஆகியவற்றில் ஊருக்குள்ள வழக்கமான உரிமைகள் தொடர வேண்டும். குளத்தின் நிலையை ஒவ்வொரு கிராம சபையிலும் பதிவு செய்வோம்." மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராம சபை இதற்குப் பொருத்தமான நாள். முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அப்படியும் பதிவு செய்ய மறுத்தால், ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் ஆட்சியரிடம் புகார் செய்யலாம்.

இன்னொரு கருவியும் உங்கள் கையில் இருக்கிறது. பல்லுயிர்ப் பரவல் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும். பெரும்பாலும் அது அலமாரியில் தூங்கும். அதில் உங்கள் குளத்தையும், வந்து போகும் பறவைகளையும், எந்த மாதம் எதுவரை நீர் நிற்கிறது என்பதையும் எழுதச் செய்யுங்கள். நாளை எந்த ஆணையம் வந்தாலும் முதலில் கேட்கப்போகும் தகவல் இதுதான்.

பதவிக்காலம் முடியும் முன் இவற்றைச் செய்துவிடுங்கள். 2019-இல் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரியோடு உறுப்பினர்களின் காலம் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்களின் கைக்குப் போயின. உங்கள் மாவட்டம் 2021-இல் தேர்தல் நடந்த ஒன்பதில் ஒன்று என்பதால் உங்களுக்குக் கூடுதல் காலம் கிடைத்தது.

ஆயக்கட்டுதாரர்களுக்கும் கொழுந்தனாருக்கும்

2017 விதிகளின்படி ஒரு நீர்நிலை ஈரநிலமாக அறிவிக்கப்பட்டாலும் அதன் உடைமை வனத்துறைக்கு மாறுவதில்லை. அறிவிக்கைக்கு முன் தயாராகும் சுருக்க ஆவணத்தில், ஏற்கெனவே இருக்கும் உரிமைகளையும் சலுகைகளையும் எழுத வேண்டும் என்பது விதி. எந்தச் செயல் தடை, எது கட்டுப்பாட்டோடு அனுமதி, எது தாராளமாக அனுமதி என்றும் அதில் வரும். வரைவு அறிவிக்கை வெளியானதும் ஆட்சேபம் சொல்ல அறுபது நாள் தருவார்கள். மீன்பாசி குத்தகை எடுத்தவர்கள் பழைய ஏல ரசீதுகளையும், கரம்பை அள்ளியவர்கள் வட்டாட்சியர் அனுமதிக் கடிதங்களையும் இப்போதே எடுத்து வைக்கட்டும். ஆவணத்தில் ஏறாத உரிமையைப் பின்னால் நிலைநாட்டுவது பெரும்பாடு. ஆடு மேய்ப்பவர்களிடம் ரசீது எதுவும் இருக்காது, அதனால் அவர்களுடைய பழக்கத்தைத் தீர்மானத்தில் வெளிப்படையாக எழுதுங்கள். நீங்கள் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுத மாட்டார்கள்.

கொழுந்தனார் கேட்ட ஐம்பது மீட்டர் கணக்கு கரையிலிருந்து எடுப்பது அல்ல. 2017 விதிகள் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து கணக்கிட்ட கடந்த பத்தாண்டுகளில் கண்ட சராசரி உச்ச வெள்ள மட்டத்திலிருந்து எடுப்பது. அதற்குள் நிரந்தரக் கட்டுமானம் கூடாது என்பது அறிவிக்கப்பட்ட ஈரநிலங்களுக்கு உள்ள தடை. உங்கள் குளம் அறிவிக்கப்படவில்லை, எனவே இன்று அந்த விதி நேரடியாக அவரைத் தொடாது. ஆனால் தேசியத் தொகுப்பில் குளம் இருந்தால், நான் மேலே சொன்ன 2017 பிப்ரவரி உத்தரவைக் காட்டி இந்தத் தடையை யாராவது எழுப்பலாம், 2010 விதிகளின் நான்காம் விதியிலும் அது இருக்கிறது. நாளை அறிவித்தாலும், பட்டா நிலத்தில் முறையான அனுமதியோடு முன்பே கட்டிய வீட்டை அந்த விதியைக் காட்டி உடனே இடித்துவிட முடியாது. புதிதாக மாடி எழுப்புவதில்தான் சிக்கல் வரலாம். ஆனால் வீடு நிற்கும் இடம் பட்டா நிலம்தானா என்பதை நீங்கள் எழுதவில்லை, அவரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். குளத்தை அளக்கச் சர்வேயர் வரும்போது கரையோரம் முழுவதையும்தான் அளப்பார். வட்டாட்சியரிடம் மனு கொடுப்பதற்கு முன், கொழுந்தனாரை உட்கார வைத்துப் பட்டாவையும் கட்டட அனுமதியையும் எடுத்துப் பாருங்கள். புறம்போக்கில் கொஞ்சம் நீண்டிருந்தால், தோப்புக்காரருக்கு வரும் அதே நோட்டீஸ் அவருக்கும் வரும் என்று முன்னமே சொல்லிவிடுங்கள். சர்வேயர் வந்த பிறகு அவருக்குத் தெரிவதைவிட உங்கள் வாயால் இப்போதே தெரிவது நல்லது.